புதைந்த பந்தயக் கார்களைத் தேடி

பந்தயத்தில் வென்ற குதிரைக்கு முதுமையில் ஒரு லாயமும் நான்கு வாய்ப் புல்லும் கிடைக்கும். பந்தயத்தில் வென்ற மோட்டார் காருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அடுத்த ஆண்டே அதைவிட வேகமான கார் ஒன்று வந்துவிடும். இல்லையேல் பந்தயத்தின் விதிகள் மாறிவிடும். அன்றோடு பழைய கார் வெறும் இரும்பாகிவிடுகிறது. எஞ்சினைக் கழற்றிப் படகில் பொருத்துவார்கள். சக்கரங்கள் வேறு வண்டிக்குப் போய்விடும். மிஞ்சிய சட்டம் பட்டறையின் பின்புறத்தில் புல் மூடிக் கிடக்கும். ரப்பர் ஆலையின் பின்னால் ஒதுக்கிப் போட்ட பழைய உருளையையும், கொட்டகையோரம் துருவேறிய டிரக்டரையும் பார்த்துப் பழகிய நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நேயர்களே, அவ்வாறு மறைந்துபோன சில பந்தயக் கார்களையும், அவற்றைத் தேடிப் புறப்பட்ட மனிதர்களையும் பற்றி இன்று பேசவிருக்கிறோம். கார்ப் பந்தயம் பணக்காரர் விளையாட்டாயிற்றே, அதற்கும் நமக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பந்தயத்தில் ஓடியவர்களில் பிரபுக்கள் உண்டு. ஆனால் அந்தக் கார்களைக் கட்டியவர்களும், பின்னாளில் மண்ணைத் தோண்டி அவற்றை எடுத்தவர்களும் பெரும்பாலும் கையில் எண்ணெய்க் கறை படிந்தவர்கள். இன்னொன்றும் உண்டு. ஒரு மனிதன் எப்படி இறந்தான் என்பதைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக எல்லாரும் ஒரே மாதிரியாகச் சொல்லிவந்தார்கள். மண்ணுக்குள் கிடந்த இரும்பு வெளியே வந்து அதை மறுத்துப் பேசியது. அந்தக் கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறோம்.

வேல்ஸ் நாட்டின் தென்கரையில் பென்டைன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ ஏழு மைல் நீளத்திற்குச் சமதளமான மணற்கரை. கடல் வற்றியதும் ஈரமணல் சிமெண்டுத் தரைபோல இறுகி நிற்கும். 1920-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியச் சாலைகள் குறுகலானவை, வளைவுகள் மிகுந்தவை. ஆகவே தரையில் உலகிலேயே மிக வேகமாக ஓடிக் காட்ட வேண்டும் என்று விரும்பியவர்கள் 1924 முதல் இந்தக் கடற்கரைக்கு வரத் தொடங்கினார்கள். வேகச் சாதனை என்றால் ஒரு முறை பறந்துவிட்டால் போதாது. அளந்து குறித்த தூரத்தை ஒரு திசையில் ஓடி, உடனே திரும்பி எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கில் சேரும். முதுகுக்குப் பின்னால் அடித்த காற்றின் உதவியைக் கழித்துவிடுவதற்காக ஏற்பட்ட விதி அது.

அங்கு வந்தவர்களுள் ஒருவர் ஜான் காட்ஃபிரி பாரி தாமஸ். வேல்ஸில் ரெக்சம் என்னும் ஊரில் பிறந்தவர், பாதிரியாரின் மகன். லேலண்டு என்ற பெயரை நம் நேயர்கள் லாரிகளின் முகப்பிலும் பேருந்துகளின் முகப்பிலும் பார்த்திருப்பார்கள். அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் இவர். பிறகு அந்தப் பெரிய வேலையை விட்டுவிட்டு, இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் என்ற பந்தயத் திடலுக்கே குடிபோய், அங்கேயே ஒரு சிறு வீட்டில் தங்கிக் கார்களைச் செய்யவும் ஓட்டவும் தொடங்கினார்.

அவர் ஓட்டிய காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பொரோவ்ஸ்கி பிரபு என்று ஒரு செல்வந்தர் இருந்தார். விமான எஞ்சின்களைக் கார்களில் ஏற்றிப் பார்ப்பது அவருக்குப் பிடித்த வேலை. குழந்தைகள் படத்தின் பெயராகப் பின்னாளில் உலகறிந்த 'சிட்டி சிட்டி பேங் பேங்' என்பதும் இவருடைய காரின் பெயரிலிருந்து பிறந்ததுதான். 1924-இல் இத்தாலியில் நடந்த பந்தயத்தில் அந்தப் பிரபு இறந்துபோனார். அவர் கட்டுவித்த பெரிய கார் ஒன்று கேட்பாரற்று நின்றது. பாரி தாமஸ் அதை 125 பவுண்டுக்கு வாங்கினார். அதில் இருந்தது முதல் உலகப்போருக்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட லிபர்ட்டி விமான எஞ்சின். 12 சிலிண்டர்கள், 27 லிட்டர் கொள்ளளவு. நம் வீட்டு வாசலில் நிற்கும் சிறிய காரின் எஞ்சின் ஒன்றரை லிட்டர் இருந்தாலே பெரிது. அந்தக் காருக்கு பேப்ஸ் என்று செல்லப் பெயர் வைத்து, தமக்குத் தோன்றியபடியெல்லாம் மாற்றிக் கட்டினார் தாமஸ். எஞ்சினின் வலுவைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு போனது, சைக்கிளில் உள்ளதைப் போன்ற சங்கிலிதான். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தடித்த சங்கிலிகள்.

1926 ஏப்ரல் 27-ஆம் நாள் பென்டைனில் பேப்ஸ் மணிக்கு 169.30 மைல் வேகத்தில் ஓடியது. மறுநாள் 171.02 மைல், அதாவது ஏறக்குறைய 275 கிலோமீட்டர். அதற்கு முந்தைய மாதம் வேறொருவர் செய்த சாதனை 152 மைல்தான். ஒரே தாவலில் இவ்வளவு உயரத்துக்குப் போவது அக்காலத்தில் யாரும் எதிர்பாராதது. அதிலும் காலாவதியான கார் என்று மற்றவர்கள் தள்ளிவிட்ட ஒன்றை வைத்துக்கொண்டு!

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1926-இல் டயர் என்றால் அது மரத்தில் வடித்த பாலில் ஆனதுதான். அந்தப் பாலில் பெரும்பங்கு மலாயாவிலும் இலங்கையிலும் டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியத் தீவுகளிலும் இருந்து போனது. விடியற்காலையில் கத்தியும் வாளியுமாக நிரைக்குப் போன நம் பாட்டன் பாட்டிமார் பென்டைன் என்ற பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அந்த மணலில் தேய்ந்தது எந்தத் தோட்டத்துப் பாலோ, யார் கண்டார்?

சாதனை நெடுநாள் நிற்கவில்லை. 1927 பிப்ரவரி 4-ஆம் நாள் மால்கம் கேம்பல் என்பவர் அதே கடற்கரையில் 174.88 மைல் ஓடி அதை முறியடித்தார். இழந்ததை மீட்க பாரி தாமஸ் மீண்டும் பேப்ஸுடன் வந்தார். மார்ச் 3-ஆம் நாள், முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த கார் நிலைகுலைந்து புரண்டது. தாமஸ் அங்கேயே உயிரிழந்தார். தரை வேகச் சாதனைக்கு முயன்று உயிர் நீத்த முதல் ஓட்டுநர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள்.

அவர் உடல் இங்கிலாந்தில் பைஃப்லீட் என்ற ஊரின் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. காரை என்ன செய்வது? அதை விற்கவோ, பழைய இரும்புக்குப் போடவோ, இன்னொருவர் ஓட்டவோ அவருடைய நண்பர்களுக்கு மனம் வரவில்லை. பென்டைன் மணல்மேட்டில் பெரிய குழி வெட்டி பேப்ஸையும் புதைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்தக் கடற்கரை இராணுவத்தின் ஆயுதச் சோதனைத் திடலாயிற்று. காரின் கல்லறை வேலிக்கு உள்ளே போய்விட்டது. வயதானவர்கள் சிலர் மட்டும், இந்தப் பக்கம்தான், அந்தப் பக்கம்தான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

42 ஆண்டுகள் கழிந்தன. வடக்கு வேல்ஸில் பாங்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் கற்பித்த ஓவன் வின் ஓவன் என்ற ஆசிரியர், அந்தக் காரை வெளியே எடுக்க வேண்டும் என்று முனைந்தார். பெரும் பணக்காரர் அல்லர் அவர். நிலம் பாதுகாப்பு அமைச்சின் வசம் இருந்ததால் அதன் அனுமதி வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தடை மக்களின் மனத்தில் இருந்தது. மரியாதையோடு புதைத்ததைத் தோண்டலாமா? அது ஒரு சமாதி அல்லவா? இப்படிக் கேட்டவர்களை நாம் குறை சொல்வதற்கில்லை. நம் ஊரில் ஒருவர் மறைந்த இடத்தில் நட்ட கல்லை யாராவது பெயர்க்க வந்தால் நாம் சும்மா இருப்போமா? ஓவனுக்கும் ஒரு வாதம் இருந்தது. தாமஸின் உடல் அங்கே இல்லை. அங்கே இருப்பது அவருடைய வேலை. கடல் உப்பு அதை நாளுக்கு நாள் தின்றுகொண்டிருக்கிறது. இன்னும் சில பத்தாண்டுகள் விட்டால் எடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நாமும் நினைக்கிறோம்.

1969-இல் மணலைத் தோண்டினார்கள். பேப்ஸ் வெளியே வந்தது. மேல் தகடுகளை உப்பு அரித்திருந்தது; நசுங்கியும் துருவேறியும் கிடந்தது. பார்த்தவர்களுக்கு அது ஒரு குப்பைக் குவியலாகவே தோன்றியிருக்கும். அதை மீண்டும் ஓடும் காராக்க ஏறத்தாழ 15 ஆண்டுகள் பிடித்தன. கல்லூரி வேலை போக எஞ்சிய நேரத்தில் செய்த வேலை அது. எடுத்துக்கொள்ளக் கூடிய பாகத்தைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்வது, கூடாததை அளந்து அதே அளவில் புதிதாகச் செய்வது, மறுபடி பொருத்திப் பார்ப்பது. பதினைந்து ஆண்டில் ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து இடைநிலைப் பள்ளிக்குப் போய்விடும்! இவ்வளவு பொறுமை எல்லாருக்கும் வாய்க்காது.

நாம் முதலில் குறிப்பிட்ட செய்திக்கு இப்போது வருவோம். தாமஸ் இறந்த நாள் முதல் உலகம் ஒரு காரணத்தைத்தான் சொல்லிவந்தது. சங்கிலி அறுந்து மேலே வீசி அவர் தலையில் அடித்தது, அதனால் இறந்தார் என்பதே அது. கேட்பவர் மனத்தில் உடனே பதியும் கதை. சங்கிலி பழைய முறை, அதைக் கைவிடாமல் வைத்திருந்தவர் அவரே, ஆகவே தம் சாவைத் தாமே தேடிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டும் சொல்லாமலே அதனுள் அடங்கியிருந்தது. காரை வெளியே எடுத்துப் பாகம் பாகமாகப் பார்த்த பிறகு வேறொரு கருத்து வலுப்பெற்றது. வலப்புறப் பின்சக்கரம் முதலில் உடைந்திருக்கிறது. அதனால் கார் புரண்டது. சங்கிலி அறுந்தது அதன் விளைவே, காரணம் அல்ல என்கிறார்கள். பழைய கதையையே சொல்லும் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் இனிமேல் அதைச் சொல்பவர் யாரும் அந்த உடைந்த சக்கரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆலை இயந்திரத்தில் ஒருவருக்குக் கை போனால், 'கவனக்குறைவு' என்று ஒரு சொல்லை எழுதிக் கோப்பை மூடிவிடுவது எந்த நாட்டிலும் சுலபம். மாண்டவரும் ஊனமுற்றவரும் திரும்பி வந்து வழக்காட மாட்டார்கள். இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்கும் வரையில் உண்மை அதற்குள்ளேயே கிடக்கும். பேப்ஸை அன்று பழைய இரும்புக்கு விற்றிருந்தால், ஒரு திறமையான பொறியாளர் மேல் விழுந்த பழி விழுந்தபடியே இருந்திருக்கும். மரியாதைக்காகப் புதைத்தார்கள், அதுவே சாட்சியத்தைக் காப்பாற்றி வைத்தது.

ஓவன் 2012-இல் மறைந்தார். பென்டைனில் தரை வேகத்துக்கென்றே புதிய அருங்காட்சியகம் ஒன்று 2023-இல் திறக்கப்பட்டது. பேப்ஸ் அங்கும் காட்சிக்கு வந்தது. அதன் எஞ்சினைக் கிளப்பினால் இடிபோல முழங்குமாம்.

பேப்ஸ் இருந்த இடம் ஊராருக்கு ஓரளவாவது தெரிந்திருந்தது. இனிச் சொல்லப்போகும் கார்கள் எந்த நாட்டில் இருக்கின்றன என்பதே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. இவை ஜெர்மனியின் கார்கள்.

1932-இல் ஜெர்மனியில் நான்கு கார் நிறுவனங்கள் சேர்ந்து ஆட்டோ யூனியன் என்ற பெயரில் ஒன்றாயின. இன்று ஆவ்டி கார்களின் முகப்பில் பார்க்கும் நான்கு வளையங்கள் அந்த நால்வரைக் குறிப்பவையே. 1934 முதல் 1939 வரையில் ஆட்டோ யூனியனின் வெள்ளிநிறப் பந்தயக் கார்கள் ஐரோப்பாவையே கலக்கின. எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. முதலில் வந்தவற்றில் 16 சிலிண்டர்கள். இன்றைய பந்தயக் கார்களில் எஞ்சின் பின்னால் இருப்பது வழக்கம். அன்று அது புதுமை. இவற்றுக்கு ஹிட்லர் அரசாங்கம் பணம் கொடுத்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்டின் வலுவை உலகுக்குக் காட்டும் விளம்பரமாகவே அந்த அரசு பந்தயத்தைக் கருதியது. பெர்ண்ட் ரோஸ்மேயர் என்ற புகழ்பெற்ற ஓட்டுநர், 1938 ஜனவரியில் நெடுஞ்சாலையில் வேகச் சாதனைக்கு முயன்றபோது இறந்தார்.

இவை ஓடிய கடைசிப் பந்தயம் யுகோஸ்லாவியாவின் பெல்கிரேட் நகரில் நடந்தது. நாள் 1939 செப்டம்பர் 3. பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனிமீது போர் அறிவித்த அதே நாள்! இத்தாலியரான நுவோலாரி ஆட்டோ யூனியன் காரை ஓட்டி வெற்றி பெற்றார். பிறகு கார்களை ட்ஸ்விக்காவ் என்ற தங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, அருகில் இருந்த சுரங்க நிலையம் ஒன்றில் ஒளித்து வைத்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் நகையைப் பானையில் போட்டுப் புதைத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பெரிய நிறுவனமும் அதையேதான் செய்திருக்கிறது.

1945-இல் அந்த வட்டாரம் சோவியத் படையின் கைக்கு வந்தது. ஒளித்து வைத்திருந்த கார்களைக் கண்டுபிடித்து, போர் இழப்புக்கு ஈடாக ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிட்டத்தட்ட 18 கார்கள் என்று சொல்லப்படுகிறது. அங்கே அவை ஆராய்ச்சி நிலையங்களுக்கும் கார்த் தொழிற்சாலைகளுக்கும் பகிர்ந்து தரப்பட்டன. பொறியாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு வழக்கமான முடிவுதான். ஒவ்வொன்றாகப் பழைய இரும்பு ஆயின. இரு முகாம்களாகப் பிரிந்திருந்த உலகில் மேல்நாட்டார் யாரும் போய்த் தேட இயலவில்லை.

முதற்குரல் எழும்பியது உள்ளிருந்தே. 1976-இல், மாஸ்கோவின் ஸில் கார்த் தொழிற்சாலையில் நின்ற வெள்ளிக் கார் ஒன்றை உடைக்கப் போகிறார்கள் என்ற செய்தி லாட்வியாவின் ரீகா நகரில் பழைய கார் ஆர்வலர் சங்கத்தை நடத்திவந்த விக்டர்ஸ் குல்பெர்க்ஸ் என்பவர் காதுக்கு எட்டியது. அவர் விரைந்து முயன்று அதைக் காப்பாற்றி ரீகாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மலைப்பாதைப் பந்தயத்துக்கென்று கட்டிய 16 சிலிண்டர் கார் அது. கொஞ்சம் தாமதித்திருந்தால் உலைக்குப் போயிருக்கும். பின்னாளில் ஆவ்டி நிறுவனம் அதே அளவில் மறுபடி ஒன்றைச் செய்து ரீகாவுக்குக் கொடுத்து, மூலக் காரைத் தான் பெற்றுக்கொண்டது. ரீகா மக்களுக்கு இந்தப் பண்டமாற்றில் முழு மனநிறைவு இருந்திருக்குமா என்பது நமக்கு ஐயமே.

அடுத்து வந்தவர் பால் காரசிக் என்ற அமெரிக்கர். புளோரிடாவில் வாழ்ந்தவர், பழைய கார்களைச் சேர்ப்பவர். 1970-ஆம் ஆண்டுகளின் இறுதியில் தொடங்கி, மனைவி பார்பராவுடன் பத்தாண்டுக்கு மேல் சோவியத் நாட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். கிடைத்தது முழுக் கார் அன்று. ஓரிடத்தில் சட்டம், ஓரிடத்தில் எஞ்சின், வேறோரிடத்தில் அச்சும் சக்கரமும். பெரும் சிரமப்பட்டு இரண்டு கார்களுக்கான பாகங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுவந்து, அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தம் வீட்டில் சேர்த்தார். 1990-இல் ஆவ்டி நிறுவனத்தோடு தொடர்புகொண்டார். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வேலைகளில் கைதேர்ந்த ஒரு பட்டறை, பழைய படங்களையும் எஞ்சிய பாகங்களையும் துணையாகக் கொண்டு இரண்டு கார்களையும் எழுப்பியது. மேல் உடல் முழுக்கப் புதிதாகத் தட்டிச் செய்தது. 1994-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் அவை மீண்டும் ஓடின. 2012-இல் அவற்றுள் ஒன்றை ஆவ்டி வாங்கிக்கொண்டது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மேல் உடல் புதிது, பல பாகங்கள் புதியவை. அப்படியானால் அது பழைய கார்தானா? நம் கோயில் தேருக்கு அச்சை மாற்றுகிறோம், சக்கரத்தை மாற்றுகிறோம், தூண்களை மாற்றுகிறோம். தேர் அதே தேர்தான் என்று ஊரே ஒப்புக்கொள்ளும். பந்தயக் காருக்கு அவ்வளவு எளிதில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏனெனில் நடுவில் பணம் நிற்கிறது. 2007-இல் பாரிஸ் நகரில் ஆட்டோ யூனியன் கார் ஒன்று ஏலத்துக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. பல மில்லியன் டாலருக்குப் போகும் என்று பேச்சு. கடைசி நேரத்தில், அதன் சட்டத்தில் பொறித்த எண்ணைப் பற்றியும் அது எந்தெந்தப் பந்தயத்தில் ஓடியது என்பதைப் பற்றியும் ஐயம் எழுந்து, ஏலம் நிறுத்தப்பட்டது. சொல்லப்பட்ட வெற்றிகள் அந்தக் காருடையவைதாமா என்பதே கேள்வி.

ஆகவே தேடுகிறவர்கள் காரைக் கண்டவுடன் துள்ளிக் குதிப்பதில்லை. முதலில் சட்டத்தின் எண்ணைத் தேடுவார்கள். எஞ்சினின் எண், பற்சக்கரப் பெட்டியின் எண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள். தொழிற்சாலைப் பதிவேடு இருந்தால் ஒப்பிடுவார்கள். பந்தய நாள் புகைப்படத்தைப் பெரிதாக்கி, ஒரு ஆணியின் இடம், ஒட்டுப்போட்ட தகட்டின் விளிம்பு, குழாய் வளைந்த விதம் இவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். அந்நாளில் அந்தக் காரில் வேலை செய்த மெக்கானிக் உயிரோடு இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். ஓட்டியவருக்கு நினைவிருப்பது வெற்றியும் கோப்பையும். இரவெல்லாம் விழித்து எந்தப் பக்கத்து ஆணி தளர்ந்தது என்று பார்த்தவருக்குத்தான் காரின் அங்க அடையாளம் தெரியும்.

வாய்மொழிக் கதையை எவ்வளவு நம்பலாம் என்பதற்குச் சுவிட்சர்லாந்து ஏரி ஒன்றில் கிடைத்த காரைச் சொல்லலாம். இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே மஜ்ஜோரே என்று ஓர் ஏரி உண்டு. அதன் கரையில் உள்ள அஸ்கோனா ஊரில், ஏரிக்குள் ஒரு புகாட்டி கார் கிடக்கிறது என்று நெடுநாளாகப் பேச்சு. புகாட்டி பந்தயக் கார்களுக்குப் பேர்போன பிரெஞ்சுப் பட்டறை. 1921-இல் இத்தாலியின் பிரெஸியா நகரில் நடந்த பந்தயத்தில் முதல் நான்கு இடங்களையும் அதன் கார்களே பிடித்தன. அதனால் அந்த வகைக் காருக்கே பிரெஸியா என்று பெயர் வந்தது. ஏரியில் கிடந்தது 1925-இல் செய்த பிரெஸியா கார். சூதாட்டத்தில் தோற்ற ஒருவரிடமிருந்து கைமாறியது என்ற சுவையான கதையும் அதைச் சுற்றி உலவியது. அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை. உறுதியானது, கேட்கச் சப்பென்றிருக்கும்: சுங்க வரி கட்டப்படவில்லை. வரி கட்டாத காரை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். 1936-இல் அதிகாரிகள் அதைச் சங்கிலியில் கட்டி ஏரிக்குள் இறக்கினார்கள். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ எண்ணியிருக்க வேண்டும். இல்லையேல் சங்கிலி எதற்கு? நாளடைவில் சங்கிலி துருப்பிடித்து அறுந்தது. கார் 53 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது.

1967-இல் முக்குளிப்பவர் ஒருவர் அதைக் கண்டார். அதன் பிறகு உள்ளூர் முக்குளிப்புச் சங்கத்தார் அடிக்கடி கீழே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், தூக்க நினைக்கவில்லை. 2008-இல் அந்த வட்டாரத்து இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். இளைஞர் வன்முறையைத் தடுப்பதற்காக அவர் பெயரால் ஓர் அறநிதி தொடங்கப்பட்டது. அந்த நிதிக்குப் பணம் திரட்டத்தான் சங்கத்தார் காரைத் தூக்கத் தீர்மானித்தார்கள். 2009 ஜூலை 12-ஆம் நாள் ஊரே கரையில் கூடி நிற்க, 73 ஆண்டுகளுக்குப் பின் கார் நீருக்கு மேலே வந்தது. மறு ஆண்டு ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்கு விலைபோயிற்று.

வாங்கியது ஓர் அமெரிக்க அருங்காட்சியகம். பேப்ஸுக்கு ஓவன் செய்ததை அவர்கள் செய்யவில்லை. பழுது பார்க்கவும் இல்லை, சாயம் பூசவும் இல்லை; ஏரியிலிருந்து வந்தபடியே காட்சிக்கு வைத்தார்கள். பார்க்கப் போனவர்கள் முன்னால் நின்றது பாதிக் கார்தான். திறந்த நீரில் கிடந்த பக்கத்தைத் துரு தின்று ஓட்டை ஓட்டையாக்கியிருந்தது. சேற்றில் புதைந்திருந்த பக்கம் மட்டும் உருக்குலையாமல் இருந்தது.